பயணப் பெட்டி – 9: சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள்

சூட்கேஸ் சக்கரங்களைப் பற்றிப் போன வாரம் பேசினோம். இந்த வாரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே விலை கூடிய சாமான்: லேப்டாப்.

கடையில் பிராசஸரில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் விமானத்திலும் கழிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "சார்ஜரையும் எடுங்க, சேர்த்துத் தூக்கிப் பார்க்கிறேன்." அட்டையில் போட்டிருக்கும் 1.3 கிலோ வெறும் லேப்டாப்பின் எடை. கேமிங் லேப்டாப்புகளோடு வரும் செங்கல் சைஸ் சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டிவிடும்.

அடுத்து, டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா? துளை இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். சில மாடல்களில் அது டேட்டாவுக்கு மட்டும்தான். விவரப் பட்டியலில் 'பவர் டெலிவரி' என்று இருக்க வேண்டும். இருந்தால், 65 வாட் சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். ஆனால் கேபிளைப் பாருங்கள்: சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் டைப்-சியை போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கியது. லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று கெடு வைத்தது. தனி முள் சார்ஜரோடு வரும் மாடலை இனிமேல் வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பேட்டரிக்கு '18 மணி நேரம்' என்று விளம்பரம் சொல்லும். வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓடவிட்டு எடுத்த கணக்காக இருக்கும் அது. நீங்கள் பார்க்க வேண்டிய எண் வாட்-அவர். 50-க்குக் கீழே என்றால் யோசியுங்கள். மேலே போக உச்சவரம்பும் உண்டு. 100 வாட்-அவர் வரை விமானத்தில் யாரையும் கேட்க வேண்டாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரிய லேப்டாப்புகளின் பேட்டரி 99 சொச்சத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். பவர் பேங்குக்கும் இதே கணக்கு: 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-அவர், தப்பித்தது. 30,000 என்றால் 111, சிக்கல். எதுவானாலும் கைப்பையில்தான், லக்கேஜில் போட்டு அனுப்பக்கூடாது.

ரயில் வேறு கதை. இரவு 11 மணி முதல் காலை 5 வரை பெட்டியின் சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்துவிடுவது உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி உட்கார்ந்து பிரசன்டேஷன் முடிக்கலாம் என்று நினைப்பவர் பேட்டரியை மட்டுமே நம்ப வேண்டும்.

திரை 13 அல்லது 14 அங்குலம் போதும். விமானத்தில் 15.6 அங்குல லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கும்போது முன்சீட்காரர் சாய்ந்தால், மூடியின் மேல்விளிம்பு சீட்டு முதுகில் மாட்டிக்கொள்ளும். மூடியைப் பாதி சாய்த்து, கழுத்தைக் குனிந்து டைப் அடிக்க வேண்டியதுதான். பகலில் ஜன்னலோரம் உட்கார்பவர்களுக்குப் பளபளப்பில்லாத திரை, 400 நிட்ஸ் வெளிச்சம். 250 நிட்ஸ் திரையில் எக்செல்லுக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும்.

ரேம் 16 ஜிபி. மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் அதை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியில்லை.

கடைசியாக, பில் போடும் முன் வாரண்டியைக் கேளுங்கள். இந்தியாவில் மட்டும் செல்லுபடியாகும் வாரண்டியை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் கீபோர்டு மாற்ற முடியாது. சர்வதேச வாரண்டி என்றால் எந்தெந்த நாடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: பிளக் முட்களும் அடாப்டர்களும்)