கல்லினுள் அடைபட்ட வாயு



கடற்கரைச் சிப்பியைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு சுடும் முறை நம்மவர் அறிந்ததே. 100 கிலோ சிப்பியைச் சுட்டால் ஏறத்தாழ 56 கிலோ நீறே மிஞ்சும். எஞ்சிய 44 கிலோ எங்கே போயிற்று? கரியமிலவாயுவாகி வானிற் கலந்துவிட்டது.

சீமெந்து ஆலையிலும் நிகழ்வது இதுவே. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, 1450 பாகை வெப்பத்திற் சுட்டுக் கிளிங்கர் என்னும் கட்டியாக்குவர். அதனுடன் ஜிப்சம் சேர்த்து அரைத்தாற் சீமெந்து. சூளையிலிருந்து எழும் வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு கல்லிலிருந்தே வருகிறது. எஞ்சியது எரிபொருளின் புகை. ஆதலால் எரிபொருளை மாற்றுவது மட்டும் போதாது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமிலவாயுவில் 7 முதல் 8 வீதம் சீமெந்துத் தொழிலால் உண்டாவது.

அதற்காகச் சீமெந்தை விலக்கிவிடலாமா? காங்கேசன்துறை ஆலை 1950இல் இயங்கத் தொடங்கி 1990இல் போரினால் நின்றது. 2004இன் ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற போரும் நாயாறு உள்ளிட்ட முல்லைத்தீவுக் கரையோரத்தை வெறுமையாக்கின. வீடிழந்தோரிடம் சீமெந்தைக் குறையுங்கள் என்பது அறமன்று. குறைக்க வேண்டியது சீமெந்திலுள்ள கிளிங்கரின் பங்கையே.

அதற்கு வழிகள் உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து கிடைக்கும் நுண்சாம்பலைச் சீமெந்துடன் கலக்கலாம். வன்னியின் நெல்லாலைகளிற் குவியும் உமியும் பயன்படும்: 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி, அதனை எரித்தால் 4 கிலோ சாம்பல். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்து நீருடன் சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பை அது பற்றிக்கொண்டு கல்லாக இறுகும். ஆயின் அளவான வெப்பத்தில் எரித்து நுண்ணிதாக அரைத்த சாம்பலே இதற்கு ஏற்றது. அடுப்புச் சாம்பல் உதவாது.

மூன்றாவது வழி களிமண். சுவிற்சர்லாந்து, கியூபா அறிஞரும் டில்லி, சென்னை தொழில்நுட்பக் கழகங்களின் ஆய்வாளரும் இதனை ஆராய்ந்து வளர்த்தனர். 50 பங்கு கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக்கல், 5 பங்கு ஜிப்சம் என்பது அதன் கலவை. களிமண்ணைச் சுட 700 முதல் 850 பாகை வெப்பம் போதும்; அப்போது களிமண்ணிலிருந்து பிரிவது நீராவியே. இதனால் வாயு 30 முதல் 40 வீதம் வரை குறையும். களிமண்ணுக்கு வறிய நாடுகளிற் பஞ்சமில்லை.

இத்தகைய கலப்புச் சீமெந்தை மலிவுச் சரக்கென இகழ வேண்டா. உப்புக்காற்று வீசும் நாயாறு போன்ற இடங்களிற் கொங்கிரீட்டினுள் உப்பு ஊடுருவுவதை அது தடுத்து, கம்பி துருப்பிடிப்பதைத் தாமதிக்கச் செய்கிறது. ஆயின் அது மெல்லவே இறுகும். பத்து நாளாவது ஈரச்சாக்குப் போர்த்தி, நன்னீர் தெளித்து வருதல் வேண்டும். அப்பொறுமை மேசனிடமும் வீட்டுக்காரரிடமும் இல்லையெனில், ஆலையில் மிச்சப்படுத்திய வாயு வீணே; பிளந்த சுவரை மீண்டும் கட்ட மற்றொரு மூடை சீமெந்து வேண்டியிருக்கும். நெடுநாள் நிலைக்கும் வீட்டைக் கட்டுபவரும் வானத்தின் சுமையைக் குறைப்பவரே.