முதலில் தண்ணீர், பிறகே நெருப்பு

மேசைமேல் ஓடும் குட்டி நீராவி ரயிலுக்குள்ளும் இருப்பது உண்மையான கொதிகலன்தான். அதன் செப்புத் தகடுகளை எதைக்கொண்டு பற்றவைக்கிறோம் என்பது முக்கியம்.

வானொலிப் பெட்டியில் கம்பிகளைப் பற்றவைக்கும் வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பமே ஏறக்குறைய 170 டிகிரி. உருகுவதற்கு முன்பே ஈயத்தின் பிடி தளர்ந்துவிடும். கலனில் தண்ணீர் வற்றிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! அதனால், பாரம் தாங்கும் இணைப்புகளுக்கு 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிக் கலவையே ஏற்றது.

புதிய கலனை எடுத்தவுடன் நீராவியால் சோதிப்பதில்லை. பிரிட்டனில் குளிர்ந்த நீரை நிரப்பி, காற்றை வெளியேற்றி, இயக்க அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிப் பார்ப்பது வழக்கம். நீர் எளிதில் சுருங்காது. இணைப்பு விட்டாலும் ஒழுகுமே தவிர, வெடித்துச் சிதறாது.

பழைய கலன் கைக்கு வந்தால், அடுப்பைப் பற்றவைக்குமுன் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள்.