ஓரமாப் போனால் போதுமா?

சைக்கிள் பழகிய நாளில் நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: "ஓரமாப் போ." நேர்ச் சாலையில் அது சரி. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ தேர்வாய் கண்டிகைக்கோ சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் நீங்கள் என்றால், சாலை இடப்பக்கம் பிரியும் இடங்களில் அதே ஓரம்தான் ஆபத்து. கம்பெனி கேட், கூட்டுரோடு, நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு (நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் கிளைச் சாலை) இறங்கும் இடம் எல்லாமே இதில் அடங்கும்.

ஏன் அப்படி? நீளமான மூங்கிலைத் தரையில் இழுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிப் பாருங்கள். நீங்கள் அகலமாக வளைந்து போனாலும் மூங்கிலின் வால் தெருமுனையை உரசிக்கொண்டுதான் வரும். டிரெய்லரும் அப்படித்தான். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. பல அடி உள்ளே, அதாவது இடது ஓரத்தை நோக்கி, வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் உங்களைத் தாண்டிவிட்டதே என்று நிம்மதியடையும் நேரத்தில்தான் பின்பக்கம் உங்களை நெருங்குகிறது.

இதனால்தான் டிரெய்லர் ஓட்டுபவர் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் சற்று வலப்பக்கம் ஒதுங்குவார். இடப்பக்கம் ஓர் இடைவெளி விழும். வழி விடுகிறார் என்று அதில் நுழைந்துவிடாதீர்கள். அது அவர் திரும்புவதற்காக எடுத்துக்கொண்ட இடம். இண்டிகேட்டர் எரியவில்லையே என்கிறீர்களா? புழுதி அப்பிய விளக்கை நம்பிப் பயனில்லை. வேகம் குறைகிறது, முன்பகுதி வலப்பக்கம் சாய்கிறது, இடப்பக்கம் ஒரு கேட் இருக்கிறது என்றால் அதுவே இண்டிகேட்டர்.

டிரைவருக்கு நாம் தெரிய மாட்டோமா? பெரும்பாலும் தெரியாது. அவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், உயரத்தில். லாரியின் இடப்பக்கத்தில் அவருக்கு மறைவிடம் (சீட்டிலிருந்து நேராகவும் கண்ணாடியிலும் தெரியாத பகுதி) அதிகம். முன்பெல்லாம் கிளீனர் எட்டிப் பார்த்துக் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். இப்போது பல வண்டிகளில் டிரைவர் மட்டும்தான். ஒரு சுலபமான சோதனை: லாரிக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

அப்படியானால் எங்கே ஓட்டுவது? திருப்பத்துக்கு முப்பது நாற்பது அடி முன்பே பின்னால் திரும்பிப் பாருங்கள். வழி இருந்தால் ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள். பின்னால் வருபவர் உங்களைத் தாண்டி உடனே இடப்பக்கம் ஒடிக்க முடியாது. காத்திருந்துதான் திரும்ப வேண்டும். ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஆனால் பின்னால் வருவது வேகமாக வரும் கண்டெய்னர் என்றால் இந்த உரிமைப் பேச்செல்லாம் வேண்டாம். இறங்கி நின்று, அது போன பிறகு போங்கள்.

சிக்னலில் லாரி நின்றுகொண்டிருந்தால்? பின்னாலேயே நில்லுங்கள். பக்கத்து பைக்காரர் இடப்பக்கம் புகுந்து போகிறார் என்று நீங்களும் போகாதீர்கள். நாற்பதடி கண்டெய்னர் மட்டுமே 12 மீட்டர். இழுக்கும் வண்டியோடு சேர்த்தால் 15 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 12 கிலோமீட்டரில் மிதிக்கிற உங்களுக்கு அதைக் கடக்க ஐந்து நொடி வேண்டும். அதற்குள் பச்சை விழுந்துவிடும். லாரியின் மூக்குக்கு நேர் முன்னால் போய் நிற்பதும் ஆபத்தே, அங்கும் ஒரு மறைவிடம் உண்டு.

லண்டனிலும் நம்மைப் போல இடப்பக்கப் போக்குவரத்துதான், இதே சிக்கல்தான். அங்கே 2015 செப்டம்பரிலிருந்து 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பக்கத் தடுப்புக் கம்பிகளும் கூடுதல் கண்ணாடிகளும் கட்டாயம். அப்படியும் லாரியின் இடப்பக்கம் நுழையாதீர்கள் என்றே சைக்கிள்காரர்களுக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு பழக்கம். யூ-டர்ன் தூரம் என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவது. கேட்டிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பும் டிரைவர் பார்ப்பது வலப்பக்கம் மட்டுமே, ஏனென்றால் வண்டிகள் வர வேண்டிய திசை அதுதான். நீங்கள் வருவதோ இடப்பக்கத்திலிருந்து. ஒரு கிலோமீட்டர் மிச்சம் பிடிக்க இதைச் செய்வது கட்டுப்படியாகாது. அவசியமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

மாட்டிக்கொண்டால்? லாரியின் பக்கவாட்டு உங்கள் மேல் சாய்ந்துவருவது தெரிந்த நொடியில் பிரேக் பிடித்து, இடப்பக்கம் மண்ணில் குதித்துவிடுங்கள். சைக்கிளை இழுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

இரவு ஷிப்ட் போகிறவர்கள் பின்மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நல்லது, அது பின்னால் வருபவருக்கு. ஆனால் லாரி உங்களைத் தாண்டிய பிறகு டிரைவர் இடக் கண்ணாடியில் பார்ப்பது உங்கள் முன்பக்கத்தை. அங்கே வெளிச்சம் இல்லையென்றால் அவருக்கு இருட்டுதான் தெரியும். ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டார்ச் கட்டிவிடுங்கள்.