பிழையான எறியையும் பிடித்த கை

பாடசாலை நாட்களில் எல்லே விளையாட்டென்றால் என்னை முதலாவது தரிப்புக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். இவள் வேகமாக ஓடமாட்டாள், ஆனால் பந்தைப் பிடிப்பாள் என்பது ரீச்சரின் கணக்கு. ஒரு இல்ல விளையாட்டுப் போட்டியில் அந்தப் பந்தையும் நழுவ விட்டேன். எங்கள் இல்லம் தோற்றது. ஒரு கிழமையாக ஒருத்தியும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால்தானோ என்னவோ, கில் ஹொட்ஜஸ் என்ற அமெரிக்க பேஸ்போல் வீரரின் கதையை வாசித்தபோது அது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன், சகோதரிகளே.

போருக்குப் போய் வந்தவர்

கில் ஹொட்ஜஸ் 1924இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிள்ளைகளாவது சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பது அவருடைய ஆசை. 1943இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி கில்லைச் சேர்த்துக் கொண்டது. ஒரேயொரு ஆட்டம்தான் ஆடினார். உடனே உலகப் போருக்குப் போக வேண்டியதாயிற்று. கடற்படைத் துருப்பில் சேர்ந்து ஒக்கினாவா போர்முனை வரை போனார். வெண்கல நட்சத்திரப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் திரும்பி வந்த பின் அந்தப் போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

1946இல் மீண்டும் கீழ்மட்ட அணியிலிருந்து தொடங்கினார். 1948இல்தான் அவருக்கு முதலாவது தளம் என்ற நிரந்தர இடம் கிடைத்தது. அதே வருடக் கடைசியில் புரூக்ளினைச் சேர்ந்த ஜோன் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார்.

முதலாவது தளத்து வேலை

எல்லேயில் ஓடுபவர் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்வோம். பேஸ்போலில் அப்படியல்ல. பந்து நிலத்தில் உருண்டு போனால், தடுத்தவர் அதை முதலாவது தளத்தில் நிற்பவருக்கு எறிய வேண்டும். அவர் ஒரு காலைத் தளத்தில் வைத்தபடி, ஓடி வருபவருக்கு முன் பந்தைப் பிடித்துவிட வேண்டும். அவசரத்தில் எறியும் பந்து நேராகவா வரும்? சிலது தலைக்கு மேலே போகும், சிலது மண்ணில் குத்தி எழும்பும். எப்படி வந்தாலும் பிடிப்பதுதான் அந்த இடத்தில் நிற்பவரின் கெட்டித்தனம். பிடித்துவிட்டால் எறிந்தவரின் பிழை யாருக்கும் தெரியாது.

இந்த வேலையில் ஹொட்ஜஸ் மன்னர். அவருடைய கைகள் அவ்வளவு பெரியவை. "இவருக்குக் கையுறையே தேவையில்லை" என்று கூட ஆடியவர்கள் பகிடி பண்ணுவார்களாம். சிறந்த களத்தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருது 1957இல் தொடங்கியது. முதலாவது தளத்துக்கான முதல் மூன்று விருதுகளையும் அவரே பெற்றார். அடித்து ஆடுவதிலும் குறைந்தவரல்ல. பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடிகள் மொத்தம் 370. 1950 ஓகஸ்ட் 31ஆந் திகதி ஒரே ஆட்டத்தில் அப்படி நான்கு!

21 தடவையும் தோல்வி

அப்படிப்பட்டவருக்கும் ஒரு காலம் வந்தது. 1952 இறுதித் தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக ஏழு ஆட்டங்கள். 21 தடவை அடித்தாட முயன்றும் ஒரு தடவைகூட அடி சரியாக விழவில்லை. டொட்ஜர்ஸ் தோற்றது. அடுத்த வருடத் தொடக்கத்திலும் அதே தடுமாற்றம்.

புரூக்ளின் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏசவில்லை, கூச்சல் போடவில்லை. அவர் ஆட வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். கடிதங்களும் செபமாலைகளும் அனுப்பினார்கள். வெக்கையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் குருவானவர், இன்று பிரசங்கம் இல்லை, வீட்டுக்குப் போய் கில் ஹொட்ஜஸுக்காகச் செபியுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

ஆறுதலோடு மட்டும் விடவில்லை. அணி முகாமையாளர் சக் ட்ரெசன், ஹொட்ஜஸ் அடிப்பதைப் படம்பிடித்து அவருக்கே காட்டினார். பந்து வரும்போது கால் அதை விட்டு விலகிப் போவது தெரிந்தது. பிழை எதுவென்று தெரிந்தால் திருத்தலாம் அல்லவா? அந்த வருடம் முடியும்போது 31 பெரிய அடிகள் அவர் கணக்கில் இருந்தன.

1955 ஒக்டோபர் 4ஆந் திகதி, அதே யாங்கீஸுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். டொட்ஜர்ஸ் 2–0 என்று வென்று, புரூக்ளினுக்கு முதற்தடவையாக உலகக் கிண்ணப் பெருமையைக் கொண்டு வந்தது. இரண்டு ஓட்டங்களும் ஹொட்ஜஸின் அடியால் வந்தவை. வெற்றியை முடித்து வைத்த கடைசிப் பந்தும் அவர் கையில்தான் வந்து விழுந்தது.

ஐம்பது வருடக் காத்திருப்பு

பின்னர் அவர் நியூயோர்க் மெட்ஸ் அணியின் முகாமையாளரானார். எப்போதும் கடைசி வரிசையில் கிடந்த அந்த அணியை 1969இல் சம்பியனாக்கினார். 1972 ஏப்ரல் 2ஆந் திகதி மாரடைப்பு அவரைக் கொண்டு போனது. 48 வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. ஜோன் நான்கு பிள்ளைகளோடு விதவையானார்.

பேஸ்போலின் அதியுயர் கௌரவம் புகழ் மண்டபத்தில் இடம்பெறுவது. ஹொட்ஜஸின் பெயர் திரும்பத் திரும்ப வாக்கெடுப்புக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் போதிய வாக்குக் கிடைக்கவில்லை. ஜோன் புரூக்ளினிலேயே இருந்து காத்திருந்தார். 2021 டிசெம்பரில் தெரிவாக 12 வாக்கு வேண்டியிருந்தது. சரியாக 12 கிடைத்தது. 2022 ஜூலையில் நடந்த விழாவில் தகப்பனுக்காக மகள் ஐரீன் பேசினார். 95 வயதுத் தாயால் அங்கே போக முடியவில்லை. அந்த நாளைக் கண்ட நிம்மதியோடு இரண்டு மாதம் கழித்து ஜோன் கண்மூடினார்.

சகோதரிகளே, நம் அயலிலும் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் வகுப்பில் துணியைப் பிழையாக வெட்டியவள், கடன் தவணை தவறியவள், போர் முடிந்தும் நித்திரை வராமல் காலையில் எழும்ப முடியாதவள். ஏசுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு. நாங்கள் அவள் பக்கத்தில் போய் இருந்து, பிழை எங்கே என்று சேர்ந்து பார்ப்போம். அன்று பந்தை நழுவவிட்ட எனக்கு யாராவது அப்படி வந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!