சென்ற நாடுகளின் பட்டியல்: மருத்துவர் ஏன் கேட்கிறார்?

ஏ. கே. செட்டியார் எழுதிய காலத்தில் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்பது ஏறத்தாழ ஒரே ஒருவருக்குரிய பட்டமாக இருந்தது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாகச் சென்று படச்சுருள்களைத் திரட்டி, 1940இல் அப்படத்தை வெளியிட்டவர் அவர். இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தெருவுக்குப் பத்துப் பேராவது அந்தப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடலாம். மகள் அமெரிக்காவில், மகன் சிங்கப்பூரில், இடையில் ஓர் ஐரோப்பியச் சுற்றுலா என்று பெற்றோர் பறந்துகொண்டே இருக்கின்றனர். ஃபிரிட்ஜ் கதவில் ஊருக்கொன்றாகக் காந்த வில்லைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. எத்தனை நாடுகள் ஆயின என்று பேரப்பிள்ளைகள் எண்ணிச் சொல்கின்றனர்.

அதே கேள்வியைக் காய்ச்சலோடு வருபவரிடம் நாங்களும் கேட்கிறோம். “எல்லாம் சுத்தமான நாடுகள்தாம் டாக்டர், நோய் வருகிற இடத்துக்கெல்லாம் நாங்கள் போகவில்லை” என்னும் விடையையே பெரும்பாலும் கேட்கிறோம். இந்த விடையில் உள்ள இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஓய்வுபெற்ற ஒருவர், நீரிழிவு உள்ளவர், மகனோடு ஆறு மாதம் தங்கிவிட்டுச் சென்னை திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருமலும் இளைப்பும் நீடிக்கின்றன. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் எந்த மருத்துவரின் மனமும் முதலில் காசநோயை நோக்கியே செல்லும், அது நியாயமும்கூட. சளியில் கிருமி அகப்படாத நிலையிலும் சில வேளைகளில் காசநோய் மருந்து தொடங்கப்படும். ஆனால் மகனின் வீடு அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் என்றால் கதையே வேறு. அங்கும், கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கிலும், பாலை மண்ணில் காக்சிடியாய்டஸ் என்னும் பூஞ்சை வாழ்கிறது. புழுதியோடு அதன் நுண்வித்துகளை மூச்சில் இழுத்தவர்களுக்கு ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ வரக்கூடும். பலருக்கு அது வந்த சுவடே தெரிவதில்லை. சிலருக்கு நிமோனியாவாகி, நுரையீரலில் கட்டிபோல் தங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களிடம் அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. காசநோய் மருந்துகள் இதனிடம் சற்றும் பலிக்கா. இதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்துகள் தனியே உள்ளன. இந்நோயை நினைத்துக் கேட்டாலன்றி இதற்குரிய இரத்தப் பரிசோதனையை யாரும் செய்வதில்லை. ஆய்வகத்தினருக்கும் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். வளர்தட்டில் இப்பூஞ்சை வளர்ந்தபின் அதைத் திறப்பவரே ஆபத்துக்குள்ளாவார்.

ஆக, ‘அமெரிக்கா’ என்று ஒரு சொல்லில் கூறினால் எங்களுக்குப் போதாது. நியூ ஜெர்சியில் மகள் வீட்டுத் தோட்டத்தில் உலாவியவருக்கு உண்ணிக்கடியால் லைம் நோய் வரக்கூடும். பீனிக்ஸில் இருந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. நூறு நாடுகளுக்குச் சென்றவர்களுக்காக 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கப்பட்ட ‘டிராவலர்ஸ் செஞ்சுரி கிளப்’ என்றொரு சங்கம் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் 193தான். அந்தச் சங்கத்தின் பட்டியலோ 300ஐத் தாண்டும். அலாஸ்காவையும் ஹவாயையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் ஆசை என்று சிலர் நகைப்பர். மருத்துவர்களுக்கோ அந்த முறையே சரியெனப் படுகிறது. மண்ணும் கொசுவும் உண்ணியும் அரசியல் எல்லைகளைப் பார்ப்பதில்லை.

இடத்துக்கு அடுத்தது நாள். இதில்தான் நோயாளரின் நினைவு பெரிதும் தடுமாறுகிறது. “போன மாதம் வந்தோம்” என்பது பத்து நாளாகவும் இருக்கலாம், ஐம்பது நாளாகவும் இருக்கலாம். கிருமி உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்படும் வரை உள்ள இடைவெளி ஒவ்வொரு நோய்க்கும் வேறு. டெங்குவுக்கு அது மிஞ்சினால் 14 நாள். பாலித் தீவிலிருந்து திரும்பி மூன்று வாரம் கழித்து ஒருவருக்கு டெங்கு வந்தால், அது பாலியிலிருந்து வந்ததன்று. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டும். டைபாய்டுக்கு மூன்று, நான்கு வாரம் வரை ஆகலாம். மலேரியாவின் கணக்கு இன்னும் நீளமானது.

அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். உயிர் போகும் செய்தி அது. சென்னையில் நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகையைச் சேர்ந்தது. வருத்தும், ஆனால் உயிரைப் பறிப்பது அரிது. நைஜீரியா, கானா, தான்சானியா, காங்கோ போன்ற நாடுகளில் பணிபுரியும் நம்மவர்களைத் தாக்குவதோ பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. இது ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைக் குடிக்க வல்லது. கொசு கடித்து ஏழு நாளுக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் தொடங்கலாம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரை, அரிதாக அதற்குப் பின்னும். விடுமுறையில் வீடு வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், “இங்கே ஊரெங்கும் வைரஸ் காய்ச்சல்தானே” என்று பாரசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பார்ப்பது நம் வழக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவருக்கு அந்த மூன்று நாள் அவகாசம் இல்லை. அன்றே, இரவானாலும், இரத்தத்தில் மலேரியாவைப் பார்க்க வேண்டும். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டதால் நோய் எதிர்ப்பு வந்துவிட்டது என்னும் எண்ணத்தை நம்பிவிட வேண்டாம். தடுப்பு மாத்திரை உட்கொண்டாரா, திரும்பிய பின்னும் சொன்ன நாள் வரை உட்கொண்டாரா என்பதையும் குறித்து வைத்தல் நலம்.

கேட்டதற்கு அரைகுறையாக விடை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் தென்கொரியாவில் நிகழ்ந்தது சான்று. மத்தியக் கிழக்கிலிருந்து மே 4ஆம் நாள் திரும்பிய ஒருவருக்கு 11ஆம் நாள் காய்ச்சல் கண்டது. அவர் சென்ற நாடுகள் நான்கு; முதலில் தெரிவித்ததோ பஹ்ரைன் ஒன்றையே. அங்கே மெர்ஸ் நோய் இல்லாததால் மருத்துவர்களின் ஐயம் அப்பக்கம் செல்லவில்லை. அந்நோய் பரவியிருந்த சவூதி அரேபியாவுக்கும் அவர் சென்றிருந்தார். 20ஆம் நாள் நோய் உறுதியாவதற்குள் அடுத்தடுத்துப் பல மருத்துவ நிலையங்களுக்கு அவர் சென்றுவிட்டார். அந்த ஒருவரிலிருந்து தொடங்கிய தொடரில் 186 பேர் நோயுற்றனர். 38 பேர் இறந்தனர். அவர்களுள் பக்கத்துப் படுக்கைகளில் இருந்த நோயாளிகளும், அவர்களைக் கவனித்துக்கொள்ள வந்த உறவினர்களும் பலர்.

தவறு எப்போதும் நோயாளர் பக்கமே என்று எண்ண வேண்டா. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் தாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததைச் செவிலியரிடம் கூறினார். அது பதிவேட்டிலும் ஏறியது. ஆயினும் அச்செய்தி உரிய கவனம் பெறாமல் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்று நாளில் ஆம்புலன்சில் மீண்டும் வந்தார். எபோலா என்று தெரிந்தது. அக்டோபர் 8 அன்று அவர் இறந்தார். அவரைக் கவனித்த செவிலியர் இருவருக்கும் நோய் தொற்றி, பின்னர் குணமாயிற்று. ஆகவே, ஒருவரிடம் கூறியாயிற்று என்று இருந்துவிடாமல், புதிதாக வரும் ஒவ்வொரு மருத்துவரிடமும் பயணச் செய்தியை வாய்விட்டுக் கூறுங்கள். திரும்பத் திரும்பக் கூறுவதால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள், சலித்துக்கொண்டாலும் கூறுங்கள். தனியறையில் அடைத்துவிடுவார்களோ என்று அஞ்சிச் சிலர் பயணத்தை மறைப்பதும் உண்டு. தனிமைப்படுத்துவது சில நாள் தொல்லை. அதனால் காக்கப்படுவோர் பெரும்பாலும் உங்கள் வீட்டினரே.

பாஸ்போர்ட்டைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்களில் இப்போது மை முத்திரை குத்துவதில்லை. விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கிய நாடு எந்தப் பக்கத்திலும் பதிவாகாது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபின் பழையதைப் பலர் எங்கோ வைத்து மறந்துவிடுகின்றனர். எனவே தனியே ஒரு தாள் தேவை. ஊர், சென்ற நாள், திரும்பிய நாள் ஆகியவற்றோடு, நகரத்தில் தங்கினாரா சிற்றூரிலா, காடு, பண்ணை, ஒட்டகம், ஏரிக் குளியல் ஏதேனும் உண்டா, அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாரா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு வரி போதும். பயணத்துக்காகப் போட்ட தடுப்பூசிகளையும் அதிலேயே எழுதலாம். கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்கள் அந்த மஞ்சள் அட்டையைத் தாளோடு சேர்த்து வையுங்கள். முன்பு பத்தாண்டுக்கே செல்லுபடியான அந்தச் சான்றிதழ், 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். தொலைத்துவிட்டு, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தடுத்து வைக்கப்படலாம்.

இந்தத் தாள் நோயாளரின் கைப்பேசிக்குள் மட்டும் இருப்பதில் பயனில்லை. கடும் காய்ச்சலில் நினைவு தப்பியவரால் கடவுச்சொல்லைக் கூற இயலாது. மருத்துவக் கோப்பின் முதல் தாளாக, கூட வருபவர் எடுத்துக் கொடுக்கும்படி அது இருக்கட்டும்.

உள்நாட்டுப் பயணத்தையும் அதில் சேர்க்க வேண்டும். பீகாரில் பணியாற்றியவருக்குக் காலா அசார் நோய் பல மாதம் கழித்தும் தலைகாட்டலாம். கர்நாடகத்தின் ஷிமோகா காடுகளில் உண்ணிகள் பரப்பும் கியாசனூர் காட்டு நோய் உள்ளது. கோழிக்கோட்டில் 2018இல் நிபா வந்ததை நாம் அறிவோம்.

எவ்வளவு காலம் பின்னோக்கி எழுதுவது? காய்ச்சலுக்குக் கடந்த ஓராண்டு பெரும்பாலும் போதும். ஆனால் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் கொடுப்பதற்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் முன்னர், பிறந்து வளர்ந்த ஊர் முதல் எல்லாவற்றையும் கேட்போம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் சிறு குடற்புழு மண்ணிலிருந்து கால்தோல் வழியே ஏறி, உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டு வாழக்கூடியது. இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில்பாதை போடும் பணியில் மலாயாத் தமிழர்களோடு வதைபட்ட போர்க்கைதிகள் பலரிடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்புழு உயிரோடு இருந்தது. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும்போது அது உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். முன்கூட்டித் தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையால் அதை ஒழித்துவிடலாம்.