கண்ணளவு போதுமா?

புனே விமான நிலையத்தை அடுத்துள்ள விமான் நகரில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. ஊரிலிருந்து பேரனைக் காண வரும் பாட்டி முதலில் கூறுவது பெரும்பாலும், "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டான்?" என்பதே. அன்றிரவே சோற்றில் நெய் கூடுகிறது. அடுத்த வீட்டு மராட்டிய ஆஜியும் தம் பேத்தியிடம் அவ்வாறே அங்கலாய்க்கிறார். கொழுகொழுவென்று இருப்பதே நலம் என்னும் எண்ணம் நம் நாட்டில் மொழி கடந்தது. பஞ்சம் கண்ட தலைமுறைகள் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வெண்ணத்தை அசைத்த ஆய்வுகள் இதே புனேயில்தான் நடைபெற்றன. கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவர்தம் குழுவினரும் 1993-இல் புனேயை அடுத்த 6 கிராமங்களில் கருவுற்ற தாய்மாரை ஆராயத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரில் அது 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது; தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருந்தது!

பெரியவர்களிடமும் இதைக் காணலாம். 2004-இல் 'லான்செட்' இதழில் யாக்னிக்கும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளியாயிற்று. இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3. கொழுப்பின் அளவோ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

பெற்றோர் கருத வேண்டியது 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வு. எடை குறைவாகப் பிறந்து, 8 வயதில் எடை மிகுந்திருந்த புனேக் குழந்தைகளிடமே இன்சுலினுக்கு உடல் இணங்காத நிலை மிகுதியாகக் காணப்பட்டது. நீரிழிவுக்கு வழிகோலும் நிலை அது. சிறுத்துப் பிறந்த பிள்ளையைத் தேற்றிவிட வேண்டும் என்று நாம் ஊட்டுகிறோமே, அந்த அன்பை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக உணவைக் குறைப்பதா? அதுவும் தவறாகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்டோருள் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இன்றி உள்ளனர். எடை மிகுந்தோர் 3.4 விழுக்காடு. ஆகவே எடையை மட்டுமன்றி உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 5 முதல் 18 வயது வரையிலான நம் பிள்ளைகளுக்கென இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல் திருத்திய வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. பெரியவர்களின் 23-க்கு ஈடான குறியெண்ணையே அது மிகை எடையின் தொடக்கமாகக் கொள்கிறது. உலக அளவில் பெரியவர்களுக்கு வழங்கும் வரம்பு 25. பாஸ்புக்கில் ஒரு நாள் இருப்பை மட்டும் கண்டு கணக்கின் போக்கை அறிய இயலாதல்லவா? 6 மாதங்களுக்கு ஒருமுறை குறித்த புள்ளிகளை இணைத்தால்தான் கோடு ஏறுகிறதா, சாய்கிறதா என்பது புலப்படும்.

உண்ணும் பழக்கத்தில், கைபேசியைக் காட்டி ஊட்டுவதையே நாம் முதற்குறையாகக் கருதுகிறோம். திரையில் ஆழ்ந்த குழந்தை வயிறு நிறைந்ததை உணர்வதில்லை. "தட்டைக் காலி செய்தால்தான் எழலாம்" என்பதும் அத்தகையதே. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விடலாம். வீட்டார் விளையாட்டாக 'குண்டு' என்றோ 'ஓமக்குச்சி' என்றோ அழைப்பதையும் நிறுத்தலாம். பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.