அதிபரும் அவரே, வகுப்பாசிரியரும் அவரே

இலங்கையின் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பவை 1சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. தரம் 5 வரையோ 8 வரையோ நடப்பவை வகை 3. வன்னிப் பெருநிலப்பரப்பின் உட்கிராமங்களில் ஒரு சிறுபிள்ளை நடந்துபோகும் தூரத்தில் இருப்பது அநேகமாக இந்த வகை 3 பாடசாலைதான். கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு ஆகிய ஆறு கல்வி வலயங்களிலும் இத்தகைய சிறிய பாடசாலைகள் உண்டு.

ஒரு பாடசாலைக்குரிய ஆளணி மாணவர் தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஐம்பது பிள்ளைகள் உள்ள இடத்தில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பதே பெரிய காரியம். ஆனால் அதிபரின் வேலை அந்தக் கணக்கில் குறைவதில்லை. சேர்விடாப்பு, வரவு இடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், பொருட்பதிவேடு, வருடாந்தத் திட்டம், வங்கிக் கணக்கு, வலயத்துக்கு அனுப்பும் புள்ளிவிபரம் என எல்லாமே, ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மத்திய கல்லூரியைப் போலவே இங்கும் இருந்தாக வேண்டும். அங்கே பிரதி அதிபர், உதவி அதிபர், பகுதித் தலைவர்கள், முகாமைத்துவ உதவியாளர் என வேலை பங்கிடப்படும். இங்கே எல்லாம் ஒரே மேசைக்கு வந்துசேரும். அந்த மேசைக்குரியவர் பெரும்பாலும் ஒரு வகுப்பையும் பொறுப்பெடுத்திருப்பார்.

காலை 7.30க்கு மணி அடிக்கிறது. அதற்கு முன்பே சமைத்த உணவோடு வந்து நிற்கும் தாயிடம் எண்ணிக்கை பார்த்து எழுதியாக வேண்டும். 2024 முதல் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகள் எல்லோருக்கும் பாடசாலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டுள்ளது. பரந்தன் சந்தியில் பஸ் தவறிவிட்டதால் மூன்றாம் தர ஆசிரியை வந்துசேரவில்லை. நான்காம் தரத்துக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மூன்றாம் தரத்தை அதே மண்டபத்தின் மறுகரையில் இருத்தி வாசிக்க வைக்கிறார் அதிபர். பத்து மணிக்குத் தொலைபேசி: ஒரு விபரம் பகல் பன்னிரண்டுக்குள் வலயத்துக்கு வேண்டும். அவர் அலுவலக அறைக்குப் போகும்போது அதிபர் மட்டும் எழுந்துபோவதில்லை, நான்காம் தரத்தின் ஆசிரியரும் எழுந்துபோகிறார். இரண்டு தரங்களை ஒருவரே நடத்தும் பல்தரக் கற்பித்தல் தனக்கென முறைகள் கொண்ட நல்ல கலைதான்; ஆனால் இடையில் எழுந்து போகாதவருக்கே அது கைகூடும்.

ஆசிரியர் நிலைப்பதும் எளிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 65 கிலோமீற்றர். உட்கிராமத்துக்கு அதற்கு மேல் இன்னொரு பஸ். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது; தங்குவதற்கு ஒழுங்கான ஆசிரியர் விடுதி இல்லாத இடத்தில் குடும்பத்தை விட்டு எத்தனை ஆண்டு இருப்பது? பூந்தோட்டத்திலுள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் பயில்வோர் மூன்றாம் ஆண்டைப் பாடசாலைகளில் பயிற்சியாகக் கழிக்கிறார்கள். உள்ளூரவர்களை உள்ளூருக்கே தயாராக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

யுத்தக் காலத்தில் வன்னியின் வகுப்பறைகளைப் பெருமளவு தாங்கியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். 1996இலும் 2008–09இலும் ஊரோடு பாடசாலையும் இடம்பெயர்ந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலும் வகுப்புகள் நடந்தன. 2009 இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது பல அதிபர்கள் கூரையில்லாத கட்டடத்தையும் இடாப்பு இல்லாத அலுவலகத்தையும் பொறுப்பேற்றார்கள். தறப்பாள் கட்டி, பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டுப் புதிதாக எழுதினார்கள். தலைமைத்துவம் என்ற சொல்லுக்கு வன்னியில் பொருள் தேடுவோர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதிபர் பதவிக்கென இலங்கை அதிபர் சேவை உள்ளது. மூன்று தரங்களைக் கொண்ட அச்சேவைக்கு ஆசிரியர்கள் போட்டிப் பரீட்சை மூலம் சேர்கிறார்கள். 2019இல் நடந்த பரீட்சையில் தேறியவர்களுக்கு 2023இலேயே நியமனம் கிடைத்தது. இத்தகைய தாமதங்களால் சிறிய பாடசாலைகள் பல, ஆசிரியர் சேவையிலுள்ள ஒருவர் கடமை நிறைவேற்று அதிபராக இருந்து நடத்தும் நிலைக்கு வருகின்றன. பொறுப்பு முழுமையாக அவருடையது. பதவியோ எந்த நாளும் இன்னொருவருக்குப் போகக்கூடியது. அப்படிப்பட்டவரிடம் ஐந்தாண்டுத் திட்டம் கேட்பது நியாயமாகாது.

வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் பாடசாலைக் காரணி தலைமைத்துவமே என்று கனடாவின் கென்னத் லீத்வுட்டும் அவரது சகாக்களும் 2004இல் எழுதினர். யுனெஸ்கோவின் 2024/5 உலகக் கல்வி அறிக்கையின் பொருளும் கல்வித் தலைமைத்துவம்தான். இலங்கையில் அதிபர் பயிற்சிக்கு மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகளைப் பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்குள் கொண்டுவந்து அதிபருக்குக் கைகொடுக்க முயன்றது. பயன் உண்டு, ஆனால் கூலிவேலைக்கு விடியப் போகும் பெற்றோரின் ஊரில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் அதிபரின் வேலையாகிவிடுகிறது. பயிற்சிக்கு அவர் மீப்பே போனால், வகுப்பு ஆளில்லாமல் இருக்கிறது.

ஆதலால் உதவி பாடசாலைக்கே வந்துசேர வேண்டும். இதற்கு 1980களில் நாட்டில் நடைமுறைக்கு வந்து பின்னர் மங்கிப்போன கொத்தணி முறை இன்றும் பொருந்தும். அருகருகான பாடசாலைகளை ஒன்றாக்கி, பெரிய பாடசாலையின் அனுபவமுள்ள அதிபர் மற்றவற்றுக்கும் துணைநின்ற ஏற்பாடு அது. நான்கைந்து சிறிய பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு முகாமைத்துவ உதவியாளர், வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொன்றிலும் இருந்து இடாப்புகளையும் கணக்கையும் முடித்துக் கொடுக்கலாம். ஆசிரியர் வராத நாளில் அனுப்புவதற்குக் கொத்தணிக்கென ஒரு மேலதிக ஆசிரியர் வேண்டும். அதிபர் மாறும்போது பழையவரும் புதியவரும் இரண்டு வாரமாவது சேர்ந்திருக்க இடமாற்றக் கடிதங்களின் திகதியை ஒழுங்குபடுத்தலாம். எந்த வீட்டுப் பிள்ளை ஏன் வரவில்லை, எந்தத் தகப்பனிடம் சொன்னால் வேலி அடைத்துத் தருவார், மாரியில் எந்தப் பாதையில் வெள்ளம் ஏறும் என்பதெல்லாம் பொருட்பதிவேட்டில் கிடையாது. திறப்புக் கோர்வையைக் கையளிக்கும் அந்த ஒரே காலைப்பொழுதில் அவற்றைச் சொல்லி முடிக்கவும் முடியாது.